அப்பாவின் டம்ளர்

"காபிக்கு அவசரப்பட்டவன்..." என்று ஆரம்பித்து அப்பா ஏதோ சொல்வார். அவசரப்பட்டவனுக்குக் காபி கெட்டுப்போகுமா, குடும்பம் கெட்டுப்போகுமா, மீதி ஷ்யாம்சுந்தருக்கு ஞாபகம் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பா யக்ஞநாராயணனுக்கு ஒரு வார்த்தை வருவதே அபூர்வம்.

ஆனாலும் ஷ்யாம்சுந்தர் காபிக்கு அவசரப்படுவதில்லை. அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது பெட்டியில் பத்திரமாகக் கொண்டுவந்த காபி ஜாடி, பிரெஞ்ச் பிரஸ். தாம்பரம் கடையில் சொல்லிச் சொல்லி, சிக்கரி கலக்காமல், ரவை மாதிரி அரைத்து வாங்கிய பொடி. கொதித்த தண்ணீரை அரை நிமிஷம் ஆறவிட்டு ஊற்றுவான். கடிகாரத்தைப் பார்த்து நாலு நிமிஷம் நிற்பான். பிறகு மூடியில் நிற்கும் கம்பியை மெதுவாக, மிக மெதுவாக, கீழே அழுத்துவான்.

பால் சேர்த்து, அப்பாவின் டம்ளரில் ஊற்றி, கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு மாடிக்குப் போனால் ஆபீஸ் மீட்டிங். அது முடிந்து இறங்கும்போது அங்காளம்மா காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவாள்.

"முழுசா குடிச்சாரா?"

"ஒரு சொட்டு வுடல சார்."

அங்காளம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்பவள். பனையூர்க் குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறிச் சேலையூர் வருகிறாள். பிரெஞ்ச் பிரஸ்ஸை "அமுக்கற சொம்பு" என்பாள்.

போன வாரம் அப்பா அறையில் சின்னதாக ஒரு கேமரா வைத்தான். மாடியில் இருக்கும்போது அப்பா கட்டிலிலிருந்து சரிந்துவிட்டால் தெரியவேண்டுமே என்றுதான். அங்காளம்மாவிடம் சொல்லத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை மீட்டிங் நடுவில் போனை எடுத்துப் பார்த்தான். அங்காளம்மா டம்ளரை எடுத்தாள். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். மடமடவென்று தானே குடித்தாள்.

செவ்வாய்க்கிழமையும் அதேதான்.

கோவிலம்பாக்கத்தில் இருக்கும் தங்கை ரோஹிணிக்குப் போன் செய்து சொன்னான்.

"வாய் வெச்சா?" என்றாள் முதலில்.

"வெச்சுத்தான்."

"அப்பாவோட டம்ளர்லயா? கர்மம். வாய் திறந்து சொல்ல முடியாத மனுஷன் வாயிலேர்ந்து பிடுங்கிக் குடிக்கறா பாருண்ணா. நாளைக்கே அனுப்பிடு. நான் டாக்டர்கிட்டயும் சொல்லி வைக்கறேன்."

புதன்கிழமை அவன் மீட்டிங்குக்குப் போகவில்லை. மாடிப்படியில் பாதிவரை ஏறி நின்று, சத்தமில்லாமல் இறங்கி வந்தான்.

"என்ன பண்றீங்க அங்காளம்மா?"

டம்ளர் பாதியில் நின்றது. அவள் அதை மறைக்கவில்லை.

"காபி குடிக்கிறேன் சார்."

"அது யாருக்குப் போட்டது?"

"ஐயாவுக்கு."

"எத்தனை நாளா நடக்குது?"

"பொங்கல் கழிச்சு."

"வேணும்னா கேட்டிருக்கலாமே. உங்களுக்கும் ஒரு கப் சேர்த்துப் போட்டிருப்பேனே."

"எனக்கு எதுக்கு சார் இந்தக் கண்றாவி? இன்னா கசப்பு. பன்னெண்டு மணி வரிக்கும் வவுறு எரியுது. எனக்கு டீதான் ஆவும்."

"கிண்டலா? பையை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. நாளையிலிருந்து வரவேண்டாம்."

டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு அவள் திரும்பினாள். அப்பாவின் இடது கை, அந்த ஒரு கைதான் வேலை செய்கிறது, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. வாய் கோணியது. வார்த்தைக்குப் பதில் இருமல் வந்தது. அவள் உட்கார்ந்து அவர் நெஞ்சை நீவிவிட்டாள்.

"சொல்லிடறேன் ஐயா. எம்மேல கோச்சிக்காதீங்க."

பிறகு ஷ்யாம்சுந்தரைப் பார்த்தாள்.

"தண்ணியா எது குடுத்தாலும் பொரையேறுது சார். கெட்டியா கஞ்சின்னா ஸ்பூன்ல எறங்குது. காபி ஒரு வாய்கூட எறங்கல."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"நீங்க டாக்டர்கிட்ட சொல்லுவீங்க. அவரு மூக்குல டியூப் வுட்ருவாரு. அம்மாவுக்கு வுட்டாங்களாமே. புடுங்கிடப் போறாங்கன்னு ரெண்டு கையையும் துணியால கட்டி வெச்சிருந்தாங்களாம். சாவற வரிக்கும் அவுக்கலியாம். ஐயா அழுதுகினே சொன்னாரு. ஒரு நாளிக்கு ஒரு வார்த்தையா."

ஷ்யாம்சுந்தர் நாற்காலியில் உட்கார்ந்தான். அம்மா சாவித்ரிக்கு டியூப் போடலாமா என்று ரோஹிணி அழுதுகொண்டு கேட்டபோது, நியூஜெர்சியில் ஆபீஸ் லிஃப்ட்டுக்குக் காத்திருந்தபடியே, "போட்டுடச் சொல்லு" என்றவன் அவன்தான். கையைக் கட்டியது அவனுக்கு இதுவரை தெரியாது. வீடியோ காலில் அம்மாவின் முகம் மட்டும்தான் தெரியும்.

"அப்படின்னா கொட்டித் தொலைச்சிருக்கலாமே" என்றான். "நீங்க ஏன் குடிக்கணும்?"

"நானும் அதான் கேட்டேன். வுடல." அப்பாவின் கடைவாயைத் துடைத்தாள். "புள்ள போட்டதாம். கொட்டக் கூடாதாம்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. ரோஹிணி.

"அண்ணா, அவளை அனுப்பிட்டியா? டாக்டர்கிட்ட சொன்னேன். அவ குடிச்சிருக்கான்னா அப்பாவுக்கு இத்தனை நாளா முழுங்கவே முடியலையோன்னு சந்தேகப்படறார். இன்னிக்கு நீயே பக்கத்துல இருந்து கொடுத்துப் பாக்கணுமாம். இறங்கலேன்னா சாயங்காலம் டியூபோட வந்துடறேங்கறார். குடிச்சாரா?"

"இரு, ஒரு நிமிஷம்."

மேஜையில் பாதி டம்ளர் இருந்தது. ஷ்யாம்சுந்தர் அதை எடுத்து, வாய் வைத்துக் குடித்து முடித்தான்.

"முழுசாக் குடிச்சுட்டார்" என்றான்.