பக்கத்துப் பட்டறைச் சத்தம்

"ஒரு நிமிஷம்கூட நிறுத்த முடியாதும்மா. அவசர வேலை. சாயங்காலம் வண்டி வந்து நிக்கும்" என்றார் பட்டறைக்காரர். சொல்லிவிட்டு இரும்பு கடையும் லேத் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாசலில் நின்றவளுக்குப் பாதிதான் காதில் விழுந்தது. மீதியை லேத் விழுங்கிவிட்டது. போன தடவையும் இதே பதில்தான் என்பதால் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்கவில்லை.

பக்கத்துக் காலி மனையில் வேலை இல்லாதவர்களுக்கென்று ஒரு தொழிற்பயிற்சிக் கட்டிடம் வரப்போகிறது. இடம் தோதுதானா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. மண்ணைத் தோண்டிப் பார்த்தாயிற்று. மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், மத்தியான வெயில் எந்தச் சுவரில் அடிக்கும், சாக்கடை நாற்றம் எவ்வளவு தூரம் வரும், எல்லாம் பார்த்தாயிற்று. பாக்கி இருந்தது சத்தம்தான்.

லேத் ஓடும்போது சத்தம் அளக்கும் மீட்டர் காட்டிய எண் வகுப்பறைக்கு ஆகவே ஆகாது. அதை நிறுத்திவிட்டு ஒரு தடவை அளந்தால், சாலைச் சத்தம் எவ்வளவு, பட்டறைச் சத்தம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டலாம். பட்டறை ஓரமாகத் தடித்த சுவர் ஒன்று எழுப்பினால் போதும் என்று எழுதிவிடலாம்.

கைப்பேசியில் மேலதிகாரி கூப்பிட்டார். "இன்னும் எத்தனை நாளைக்கு அந்த மனையையே சுத்தி வருவே? இன்னிக்கு முடியலேன்னா, ஊருக்கு வெளியில இருக்கற இடத்துக்கே சரின்னு சொல்லிடறேன்."

"அங்க பஸ்ஸே போகாது சார். வேலை இல்லாதவங்க எதுல ஏறி வருவாங்க?"

"அது நம்ம தலைவலி இல்ல." வைத்துவிட்டார்.

சேறு அப்பிய காலணிக்குள் பாதம் விண்விண் என்று தெறித்தது. சுவரில் சாய்ந்துகொண்டு மறுபடியும் பட்டறைக்குள் பார்த்தாள். தரையில் ஒரு இரும்புச் சுருள்கூடக் கிடக்கவில்லை. துடைத்து விட்டாற்போல் இருந்தது. மனுஷர் கச்சிதமானவர்தான், பிடிவாதம்தான் ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டாள்.

பட்டறைக்கு மேலேயே அவர்கள் வீடு. வீட்டம்மா சொன்னாலாவது கேட்பாரா என்று இரும்புப் படிகளில் கைப்பிடியைப் பற்றி ஏறினாள்.

பட்டறைக்காரரின் மனைவி கதவைத் திறந்து, முகத்தைப் பார்த்ததுமே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மேஜைமேல் வைத்த டம்ளர் கீழே ஓடிய லேத்துக்கு நடுங்கிக்கொண்டிருந்தது.

"எப்படிக்கா இந்தச் சத்தத்துல இருக்கீங்க?"

"பழகிப்போச்சு. மனையில உங்களைப் பாத்திருக்கேன். அங்க வரப்போற கட்டிடத்துல என்ன சொல்லித் தருவாங்க?"

"வயரிங், ஏசி ரிப்பேர், கம்ப்யூட்டர்ல ஓடற மிஷினு. எல்லாம் இலவசம்தான்."

"வயசு பாப்பாங்களா?"

"இல்லக்கா, யார் வேணாலும் சேரலாம். உங்க பையனுக்கா?"

"பையன்லாம் இல்ல. ஒரே பொண்ணு, கட்டிக் கொடுத்தாச்சு." அந்தம்மா டம்ளரைப் பார்த்தபடி இருந்தாள். "நீங்க எதுக்கு வந்தீங்கன்னு சொல்லலையே."

சொன்னாள். மனையில் ஆரம்பித்து மேலதிகாரி வரைக்கும் கொட்டித் தீர்த்தாள். "அரை மணி நேரம் போதும்க்கா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நான் சொன்னா நிறுத்த மாட்டார்" என்ற அந்தம்மா, ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்துக்கொண்டாள். "நான் கடைத்தெருவுக்குக் கிளம்பறேன். தெருமுக்கு திரும்பினதும் சத்தம் தானா நிக்கும். நீங்க போய் அளந்துக்கோங்க."

"அவர்கிட்ட என்னன்னு சொல்வீங்க?"

"கத்தரிக்காய் வாங்கப் போறேன்னு."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தம்மா கீழே இறங்கி, பட்டறை வாசலில் நின்று, "காய் வாங்கிட்டு வரேன், கொஞ்சம் நேரமாகும்" என்று உரக்கச் சொன்னாள். அவர் திரும்பாமலே தலையை ஆட்டினார். லேத் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

அந்தம்மா முக்கு திரும்பினாள். சத்தம் நின்றது.

திடீரென்று சைக்கிள் மணிகூடக் கேட்டது. மனைக்கு ஓடிப்போய் மூலைக்கு மூலை நின்று அளந்தாள். சாலைச் சத்தம் ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு சுவர் போதும். இடம் தப்பித்துவிட்டது.

சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லாமல் கருவியைப் பெட்டியில் வைத்தாள். கடந்து போகும்போது பட்டறைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவசர வேலை என்றவர் முகத்தில் அவசரம் எதுவும் இல்லை. பெண்டாட்டி வீட்டில் இருந்தால் ஓட்டுவது, வெளியே போனால் நிறுத்துவது. இந்த வயதிலும் இப்படி ஒரு வீம்பா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

அந்தம்மா கடைத்தெருவுக்குப் போகவேயில்லை. முக்கு திரும்பியதும் மூடிக் கிடந்த ஒரு கடைப்படியில், காலிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுதுக்கா. கட்டிடம் இங்கயே வந்துடும்" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். "கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. உங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது சண்டையா? உங்களைப் படுத்தறதுக்குன்னே ஓட்டற மாதிரி இருக்கு."

"சண்டையா?" அந்தம்மா பையின் காதை நீவிவிட்டுக்கொண்டாள். "அவருக்கு வேலைன்னு ஒண்ணு வந்தே பல மாசமாச்சும்மா. எண்ணெய்க் கறையே இல்லாத சட்டையைத்தான் தினம் துவைச்சுப் போடறேன். சத்தம் நின்னா நான் கண்டுபிடிச்சிடுவேன்னு, வெறும் மிஷினை ஓட்டிக்கிட்டு நிக்கறார்."

சுருள்கூட இல்லாத அந்தத் தரை அவளுக்கு ஞாபகம் வந்தது.

"போறதுக்கு முன்னால, அந்தக் கட்டிடத்துல வயசு பாக்க மாட்டாங்கன்னு பேச்சுவாக்குல அவர் காதுல போட்டு வைங்க" என்று அந்தம்மா எழுந்தாள். "எனக்குத் தெரியும்ங்கறதை மட்டும் சொல்லிடாதீங்க."