பச்சை அட்டை

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து வந்த விசில் சத்தம் அக்காவின் காதைக் கிழித்தது.

எட்டிப் பார்த்தாள். சக்கர நாற்காலியில் தம்பி. இருபது வருஷம் மைதானத்தில் ஓடிய கால்பந்து நடுவர். தசையை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துவரும் நோய். பேச்சு போய்விட்டது, ஒரு விரல் மட்டும்தான் அசைகிறது. அவன் மூக்குக்கு நேராகச் சிவப்பு அட்டையை நீட்டியபடி நின்றாள் அவன் பெண்டாட்டி.

"அடிப்பாவி! முடியாத மனுஷனை இப்படியா ஆட்டி வைப்ப? பெட்டியைக் கட்டு. என் தம்பியை நான் கூட்டிட்டுப் போறேன்."

"வாங்க அண்ணி. விரலுக்குப் பயிற்சி பண்ணாம டிவியில மேட்ச் பாக்குறார். கோபம் வருமா, வராதா?"

"வந்தா முகத்துல காட்டு. அட்டை எதுக்கு?"

"முகம்தான் அவருக்குப் புரியலையே! இந்த நோய் சில பேருக்கு அதையும் கெடுத்துடுமாம். டாக்டர் படம் காட்டினார். பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறவனைப் பாத்து, 'கொட்டாவி'ன்னு எழுத்துப் பலகையில தொட்டுக் காட்டுறார். ஒரு வாரம் நானும் முறைச்சு முறைச்சுப் பாத்தேன். எனக்குக் கண்ணு வலிச்சதுதான் மிச்சம்."

அதனால் அவனுடைய பழைய அட்டைகளையே தூசி தட்டி எடுத்திருந்தாள். மஞ்சள் என்றால் கோபம் வரப்போகிறது. சிவப்பு, வந்தேவிட்டது. சந்தோஷத்துக்கு மட்டும் நோட்டு அட்டையில் பச்சையாக ஒன்று வெட்டியிருந்தாள்.

"சரி, விசில்?"

"ஊதாம காட்டினா செல்லாதாம். சட்டம் பேசுறார்!"

அக்காவுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள். கோபமாக வந்தவளாயிற்றே.

காபி போடப் போனவள் வெகுநேரமாக வரவில்லை. அக்கா போய்ப் பார்த்தாள். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதுகொண்டிருந்தாள். அக்காவைக் கண்டதும் முகத்தைத் துடைத்து, பச்சை அட்டையைக் கையில் எடுத்தாள்.

"அழுத மூஞ்சியோட பச்சையா?"

"அழுகைக்கு நான் அட்டையே செய்யலை அண்ணி. அவருக்கு எங்க தெரியப்போகுது?"

கூடத்துக்குப் போனாள். விசில் ஊதினாள். பச்சையைக் காட்டிவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

தம்பியின் விரல் எழுத்துப் பலகையில் ஊர்ந்தது. பின்னாலேயே கூடத்துக்கு வந்திருந்த அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

'முகம் புரியலை. ஆனா பச்சை காட்டும்போதெல்லாம் மூக்கை உறிஞ்சுறா. எனக்குத் தெரியும்னு சொல்லிடாதே.'

"என்ன சொல்றார் அண்ணி?" காபியோடு வந்தவள் கேட்டாள்.

"ம்... மேட்ச்ல யாரு ஜெயிச்சாங்கன்னு கேக்குறான்."

"அதானே பாத்தேன்! சரி, பெட்டியைக் கட்டட்டுமா?"

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே விசிலை எடுத்து ஊதினாள். சிவப்பு அட்டையைத் தன் முகத்துக்கு நேராகவே தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.