ஓரக்கோடு

"அந்த நடுவர் பூதக்கண்ணாடி போட்டுக்கிட்டா நின்னாரு?" 1894, ஓஹாயோ. ஊர் திரும்பும் ரயிலில் ஆர்வில் பொருமினான். அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் பந்தை அணைத்துக்கொண்டு அவன் ஓடி எடுத்த கடைசிப் புள்ளிகள் செல்லாமல் போய், ஆட்டமும் கைநழுவியிருந்தது.

"உன் கால் ஓரக்கோட்டுல பட்டுச்சுடா," என்றான் கேப்டன் ஹார்லன்.

"நூலளவு! வேற யாருமே பாக்கல."

"புதுக் கோச் வந்தப்புறம் இன்னிக்கு வரைக்கும் நாம தோத்ததே இல்ல. இது ஒண்ணு போனாப் போகுது, விடு."

"விடறதா? கோச் வரட்டும், நறுக்குனு நாலு வார்த்தை கேக்கறேன்!"

கோச் வின்ஸ்லோ உள்ளே வந்தார். அது அவர் காதில் விழுந்திருந்தது.

"கேளு, ஆர்வில்."

அவன் பார்வை அவர் கழுத்தில் தொங்கிய விசிலில் நின்றது.

"நடுவரை அனுப்பறது நம்ம முறைன்னு நீங்க நின்னாலும், நம்ம கோச்தானே? நீங்களே ஊதலாமா?"

"கால் கோட்டுல இருந்துச்சேப்பா."

கோச் எதிர் இருக்கையில் உட்கார்ந்தார்.

"அடுத்த வாரம் நடுவரை அனுப்பறது நாம மோதப்போற அணியோட முறை. அவங்க கோச் இன்னிக்கு ஆட்டம் பாக்க வந்திருந்தாரு."

"யாரை அனுப்பறாராம்?"

"யாரும் வேணாமாம். என்னையே நிக்கச் சொல்றாரு."

ஆர்வில் குனிந்து பூட்ஸில் ஒட்டியிருந்த ஓரக்கோட்டுச் சுண்ணாம்பைத் தட்டிவிட்டான்.

"அப்போ நான் நடுவுலயே ஓடறேன், கோச்!"