கொடி அசைப்பதற்குள் முடிந்த ஓட்டம்

"முதலில் ஓடினது செல்லாது, எல்லாரும் கோட்டுக்குத் திரும்பி வாங்க!" என்று மைக் கத்தியதும் விசிலுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான நானூறு மீட்டர் ஓட்டம் அது. பத்து மணிக்குக் கொடியசைக்க வேண்டிய சிறப்பு விருந்தினர் பன்னிரண்டு வரை வரவில்லை. ஷூக்கள் வெயிலில் வேகிறதைப் பார்க்கச் சகிக்காமல் விசில் ஊதிவிட்டது. பசை போட்டு ஒட்டிய ஒரு பழைய ஷூ முதலில் வந்தது. வந்த வேகத்தில் அதன் அடிப்பாகம் பிய்ந்து விழுந்தது. அந்த நேரம் பார்த்து விருந்தினரின் கார் நுழைந்தது.

"அண்ணே, நான் ஜெயிச்சாச்சே! இனிமே எப்படிண்ணே ஓடுவேன்?" என்றது ஷூ.

"நீ ஜெயிச்சதை அவர் பார்த்தாரா? கொடியசைக்கிற போட்டோ வேணும் தம்பி," என்றது மைக்.

"ஆயிரம் பேர் பார்த்தாங்களே," என்றது விசில்.

"அவங்க வெறும் பசங்கப்பா."

விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மாணவர் நலன் பற்றி மைக் அரை மணி நேரம் முழங்கியது. அதுவரை மாணவர்கள் வெயிலில்தான் நின்றார்கள். ஷூ தன் லேஸாலேயே அடிப்பாகத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நொண்டியபடி கோட்டில் போய் நின்றது.

கேமரா தயாரானது. விருந்தினர் சிரித்துக்கொண்டே கொடியைத் தூக்கினார்.

"ம், ஊது," என்றது மைக்.

விசில் ஷூவைப் பார்த்தது.

"ஊதுடா!" என்று மைக் அலறியது மைதானம் முழுக்கக் கேட்டது.

விசில் ஊதவில்லை.