பெட்டிக்குள் துகள்

“சார், மூணாவது கணக்குல ஒரு சந்தேகம்” என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

வெளியீட்டு விழா மேடையில் பேராசிரியர் தம் குவாண்டம் கணக்குப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பைத் தூக்கிப் பிடித்து, படமெடுப்பவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். “கேளும்மா.”

“பெட்டிக்குள்ள அடைபட்ட துகளுக்குக் குறைஞ்சபட்ச ஆற்றல் பூஜ்யம்னு போட்டிருக்கீங்க. அப்படின்னா துகள் எங்க இருக்கலாம்னு சொல்ற அலைச்சார்பும் பூஜ்யமாயிடுமே. பெட்டிக்குள்ள துகளே இல்லையே சார்?”

அரங்கம் கொல்லென்று சிரித்தது. பேராசிரியர் பக்கத்தைப் புரட்டினார், பிறகு கைக்குட்டையைத் தேடினார். துணைவேந்தர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் பேராசிரியர் புத்தகத்தை மேஜைமேல் வீசினார்.

“முதல் வருஷப் பசங்களுக்கே தெரிஞ்ச கணக்கு! என் மானமே போச்சு!”

“அப்படியா?” மனைவி தேநீரை அவர் முன்னால் வைத்தாள்.

“போன பதிப்புக்கு எல்லாத்தையும் சரியாத்தானே போட்டுக் குடுத்தே? உன்னை நம்பித்தானே படிச்சுக்கூடப் பார்க்காம அச்சுக்கு அனுப்பினேன்! வேணும்னேதானே பண்ணே?”

அவள் முன்னுரையைப் பிரித்து நிதானமாகப் படித்தாள்.

“‘நேரத்துக்குத் தேநீர் தந்த என் மனைவிக்கு நன்றி.’ போன பதிப்புலயும் இதே வரிதான். அத்தனை கணக்கையும் போட்டவ பேரு அட்டையிலயும் இல்ல, உள்ளயும் இல்ல. நானே இல்லாத புத்தகத்துல துகள் மட்டும் எதுக்குன்னு விட்டுட்டேன்.”

அவர் புத்தகத்தைப் பிடுங்கி மற்றக் கணக்குகளைப் புரட்டினார்.

“டீ ஆறிடப் போகுது, குடிங்க. அந்தப் பொண்ணு இந்தப் புத்தகத்துல இன்னும் ஹைட்ரஜன் அணு பாடத்துக்கு வரல போல.”