கம்பி வராத தாலாட்டு

பிறந்ததிலிருந்து அமுதனைத் தூங்க வைப்பது ஏஐ தொட்டில்தான். அழுகையைக் கேட்டதும் அதற்கேற்ற தாலாட்டைத் தானே இயற்றிப் பாடிவிடும். சந்தா கட்டாத இலவசத் திட்டம் என்பதால் நடுவில் முறுக்குக் கம்பி விளம்பரம் வரும். வந்தால் என்ன? பெற்ற அம்மா பாடினாலும் நடுவில் இருமத்தானே செய்வாள்?

ஒருநாள் மதியம் நெட் போய், தொட்டில் ஊமையாகிவிட்டது. மேடைப் பாடகியான அவன் அம்மா தமயந்திக்கு உள்ளூரச் சந்தோஷம். அவன் வயிற்றில் இருந்தபோது அவனுக்கென்றே கட்டிய பாட்டை உருகி உருகிப் பாடினாள். அமுதன் கண்கொட்டாமல் கேட்டான். பாட்டு முடிந்ததும், ஏமாற்றப்பட்டவன்போல வீறிட்டான்.

கணவன் சிவநேசன் எட்டிப் பார்த்தான். "பாட்டு அருமைதான். ஆனா நடுவுல கம்பி வரலையே, தமா. அவன் எப்படித் தூங்குவான்?"

தமயந்தி பல்லைக் கடித்தாள். மறுபடி தொடங்கி, பல்லவியோடு நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"பூகம்பமே வந்தாலும் அசையாது! இரும்பரசன் கம்பி!"

அமுதன் பொக்கை வாயால் சிரித்தான். அப்படியே கண்மூடினான்.

சரணம் மிச்சமிருந்தது. விழித்துவிடுவானோ என்று பயந்து அவள் அதைப் பாடவில்லை.