பொன் சுவருக்கு முன்னால்

மகனை அடக்கம் செய்த பிறகு ஓவிய ஆசிரியர் முதல்முறையாக வகுப்புக்கு வந்திருக்கிறார். இருட்டிய அறையில் புரொஜெக்டர் மெல்ல இரைகிறது. திரையில், ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னால் நெதர்லாந்துப் பக்கம் தீட்டிய படம். சிலுவையிலிருந்து இயேசுவை இறக்குகிறார்கள். இந்தப் பாடத்தைத் தள்ளிப்போடலாமே என்று மற்ற ஆசிரியர்கள் சொல்லியும் அவர் கேட்கவில்லை. "பின்னாடி பாருங்க. வானம் இல்ல, மலை இல்ல, வெறும் பொன் சுவர். வேற ஏதாவது இருந்தா நம்ம கண்ணு அங்க ஓடித் தப்பிச்சிடும். இத்தனை பேரையும் ஓவியர் ஒரு அலமாரி ஆழத்துக்குள்ள நெருக்கி நிறுத்திட்டாரு." குரல் பிசிறவில்லை. கையிலுள்ள குச்சியின் நுனி திரையில் மகனைத் தொட்டு, மயங்கிச் சரியும் தாயிடம் இறங்குகிறது. "மகன் உடம்பு எப்படி வளையுதோ, அப்படியே அம்மா உடம்பும்." வீட்டில் மனைவி அப்படித்தான் கிடக்கிறாள். வருகிறவர்களெல்லாம் அவளைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்; இவரிடம், "நீங்கதான் தைரியமா இருக்கணும்" என்கிறார்கள். முன்வரிசைப் பெண் கை தூக்குகிறாள். "இதுல அப்பா எங்க சார்?" பக்கத்தில் இருப்பவள் அவள் முழங்கையைக் கிள்ளுகிறாள். பதில் அவருக்குத் தெரியும். இருந்தும் ஏணியில் நிற்பவனிலிருந்து ஒவ்வொரு முகமாகத் தேடுகிறார். தேடித்தேடித் திரைக்கு அருகே வந்துவிட, படத்தின் சிவப்பும் நீலமும் அவர் சட்டைமேல் விழுகின்றன. "இல்லம்மா... அவர வரையல," என்கிறார். இத்தனை நாள் வராத அழுகை, பிள்ளைகள் முன்னால் வருகிறது.